உரிய இடம்

திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவாளர் ஊர் பொதட்டூர்பேட்டை. தறியில் புதிய பாவு ஏற்றும்போது நெசவாளர் விரைவதில்லை. ஒவ்வோர் இழையையும் அதற்குரிய விழுதின் கண்ணில் கோத்த பின்னரே தறியை ஓடவிடுகிறார். ஓர் இழை இடம்மாறினாலும், அப்பிழை துணியின் நீளம் முழுவதும் கோடாகத் தொடரும். அறுத்துக் கோக்கலாம், ஆனால், அதுவரை நெய்த துணியை மாற்ற இயலாது.

கணினிக்குள்ளும் இடம் பற்றிய இத்தகைய வினா எழுகிறது. இயக்க முறைமையின் மையப்பகுதி 'கெர்னல்' எனப்படும் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், செயலியின் நேரத்தைப் பகிர்ந்தளிப்பதும் அதன் பணிகள். விசைப்பலகை, அச்சுப்பொறி, உணரி முதலிய வன்பொருள்களுக்கும் உட்கருவுக்கும் இடையே நின்று பேசும் நிரலே இயக்கி.

1991ஆம் ஆண்டு, பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ் உட்கரு. அதில் இயக்கிகள் வகைவகையாக அடுக்கப்பட்டுள்ளன. வலையமைப்புக்கு ஒரு பிரிவு. ஒலிக்கு ஒரு பிரிவு. உள்ளீட்டுக் கருவிகளுக்கு ஒரு பிரிவு. எந்தப் பிரிவில் சேர்வது என்று தெளிவாகாத புதிய கருவி வந்தால் என்ன செய்வது?

2010ஆம் ஆண்டு இவ்வினா ஒரு சிறு சில்லால் எழுந்தது. சுற்றுப்புற வெளிச்சத்தை அளந்து, திரையின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது ஒளி உணரி. அதற்கான இயக்கிகள் பல மூலைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்க ஜானதன் கேமரான் என்னும் வல்லுநர் தனிப் பிரிவு ஒன்றை முன்மொழிந்தார். டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. வெளியுலகச் செய்தியைக் கணினிக்குள் கொண்டுவரும் இதுவும் உள்ளீட்டுக் கருவியாகாதா என்பதே அவர் எழுப்பிய ஐயம்.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. சிறுசிறு பிரிவுகள் பெருகினால் உட்கருவைப் பேணுவது கடினமாகும். ஆயினும், விசைப்பலகை தெரிவிப்பது ஒரு நிகழ்வு. ஒளி உணரி தெரிவிப்பதோ ஓர் அளவு. இரண்டின் இயல்பும் வேறு.

விடை உடனே கிடைத்துவிடவில்லை. முதிராத இயக்கிகளைச் செப்பம் செய்வதற்கென 2008இல் லினக்ஸில் 'ஸ்டேஜிங்' என்னும் பயிற்சிக்களம் உருவானது. அளவிடும் உணரிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு பிரிவு 2009இல் அங்கே நுழைந்தது. அதனை வளர்த்தவரும் கேமரானே. 2012இல் அதன் அடிப்படைப் பகுதி முதன்மை உட்கருவில் இடம்பெற்றது. ஒளி உணரிகளும் பின்னர் அங்கேயே குடியேறின. மறுக்கப்பட்டவர் பொறுத்திருந்து, பரந்ததொரு வீட்டைக் கட்டினார்.

இத்தனை எச்சரிக்கை எதற்கு? இயக்கி அமரும் பிரிவே பயன்பாட்டு நிரல்கள் அதனை எவ்வாறு அணுக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. உலகெங்கும் நிரல்கள் அவ்வழியை நம்பி எழுதப்பட்ட பின் அதனை மாற்றினால், அவை செயலற்றுப்போகும். பயன்படுத்துவோரின் நிரலை முறிக்கலாகாது என்பது லினக்ஸ் உட்கருவின் உறுதியான நெறி. நெய்த துணியைப் போன்றதே வெளியிடப்பட்ட இடைமுகமும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' நுண்செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. நம் மண்ணில் புதிய சில்லுகள் பிறக்கும்போது புதிய இயக்கிகளும் உடன்பிறக்கும். அவற்றை எழுதும் கைகள், எழுதுவதற்கு முன் இழைக்குரிய கண்ணைத் தேடும் நெசவாளரின் பொறுமையையும் பழகிக்கொள்ள வேண்டும்.