ஜாக்கெட் டேப் சொன்ன சேதி

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எம்.சி. ரோடில் புடவை எடுத்துக்கொண்டு, வழக்கமாகத் தைக்கும் டெய்லரம்மாவிடம் போனேன். "புதுசா அளவு எதுக்கு? பழைய ஜாக்கெட்டே கொண்டாந்திருக்கேன்" என்று பெருமையோடு நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். "கையும் தோளும் அதே அளவுதாம்மா. கீழ்ப்பட்டிதான் ரெண்டு இஞ்ச் கூட விடணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என்னை இதுவரை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. உயரம் 152 சென்டிமீட்டர், எடை 57 கிலோ. எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் என் கணவரின் அக்காவுக்குத்தான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருத் தெருவாகப் போய் விற்பவர். 74 கிலோ. "அண்ணி, கொஞ்சம் சாப்பாட்டைக் குறைங்க, கொலஸ்ட்ரால் வந்துடும்" என்று அவருக்குப் புத்தி சொல்வது என் வழக்கம். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

பிசியோதெரபி படிக்கும் என் மகளிடம் டெய்லர் கதையைச் சொன்னதும், தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றி வைத்தாள். 91 சென்டிமீட்டர், அதாவது 36 அங்குலம்! "அம்மா, நம்ம நாட்டுப் பொம்பளைங்களுக்கு 80-க்குள்ள இருக்கணும், ஆம்பளைங்களுக்கு 90-க்குள்ள. ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்மா" என்றாள். "மொதல்ல உங்க அத்தையக் கூட்டிட்டுப் போ" என்றேன். கடைசியில் இரண்டு பேருமே போனோம். நான் அண்ணிக்குத் துணையாகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 238. நல்ல கொழுப்பான எச்.டி.எல். பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 36. கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 130. மொத்தக் கொலஸ்ட்ரால் 214. அண்ணிக்கோ டிரைகிளிசரைடு 128, எச்.டி.எல். 52!

எனக்குத் தலை சுற்றியது. ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ என்றுகூடக் கேட்டுவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?" என்று கேட்டார்.

என் அம்மாவின் ஞாபகம் வந்தது. 58 வயசு. மெலிந்த கை கால், வயிறு மட்டும் சற்று முன்தள்ளி இருக்கும். ஒரு நாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒல்லியாத்தானே இருந்தாங்க, எப்படி?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் இத்தனை வருஷமாய்ப் புரியாத கேள்வி அது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எடை எவ்வளவு என்பதைவிடக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியமாம். தொடையில் சேருவது அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. வயிற்றுக்குள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருவது சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதையும், நாம் அளவுக்கு மேல் தின்ற சோறு, சர்க்கரையையும் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ஏற ஏற, நல்ல கொழுப்பு இறங்குகிறது. நாம் நடந்தால், வேலை செய்தால், தசைகள் அந்த டிரைகிளிசரைடை இழுத்து எரித்துவிடும். உட்கார்ந்தே இருந்தால் அது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இது என் ஒருத்தி கதை மட்டும் இல்லை. தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. 100 பேரில் 72 பேருக்கு எச்.டி.எல். குறைவாம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் இந்திய உடம்பின் வாகு என்றார் டாக்டரம்மா.

அதற்காக அண்ணியை விட்டுவிடவில்லை. அவருக்கு பி.பி. இருந்தது, முட்டி வலியும் உண்டு. "நீங்களும் எடையைக் குறைக்கணும். ஆனா நீங்க நடக்கிற நடைதான் உங்க ரத்தத்தைக் காப்பாத்தியிருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. "நான் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கேன்? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வேலைதானே?" என்று மகளிடம் சண்டை பிடித்தேன். அவள் லண்டன் பஸ் கதை ஒன்று சொன்னாள். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் அங்கே மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் எழுதினாராம். ஒரே பஸ்தான். ஆனால் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரைவிட மாரடைப்பு அதிகம். 1956-ல் அவர்களுடைய யூனிபாரம் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவுதான் பெரிதாக இருந்ததாம். அங்கேயும் சேதி சொன்னது தையற்காரர் டேப்தான் பாருங்கள்!

"நீ கண்டக்டரா, டிரைவரா? யோசிச்சுப் பாரும்மா" என்றாள்.

யோசித்தேன். நான் கல்யாணமாகி கல்மண்டபத்துக்கு வந்த புதிதில் அடிபம்பில் தண்ணீர் அடித்து, இடுப்பில் குடத்தோடு இரண்டு மாடி ஏறுவேன். இன்று மோட்டார். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்சியும் கிரைண்டரும் வந்தாயிற்று. துணி துவைக்க மெஷின். பத்து நிமிஷ நடையில் மார்க்கெட். அதற்கும் ஷேர் ஆட்டோ. வேலை ஓயவில்லைதான், ஆனால் நின்ற இடத்தில் நிற்கும் வேலை. சாயங்காலம் சீரியல் முடியும்வரை நாற்காலி. போதாக்குறைக்கு மிச்சச் சோறு. "வீணாப் போகுதே" என்று குண்டானைச் சுரண்டி என் வயிற்றில் போடுவேன். குப்பைக்குப் போக வேண்டியது என் இடுப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது!

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். அறிஞர் அண்ணா பூங்காவில் நடை. 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே ராபின்சன் பூங்காதான். புடவையும் கேன்வாஸ் ஷூவுமாகக் கிளம்பியபோது, "என்னா, ஓட்டப் பந்தயமா?" என்று கணவர் கேலி செய்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அண்ணி மட்டும் கேலி செய்யவில்லை. "இன்னாம்மா வெக்கம்? நா கூடையோட நடக்கிறேன், நீ கூடையில்லாம நட" என்றார். இத்தனை நாள் அவருக்குப் புத்தி சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் பதினைந்து நிமிஷம், பிறகு நாற்பது நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். மார்க்கெட்டுக்கு நடைதான். சோற்றைப் பாதியாக்கி, காய், சுண்டல், குழம்பு மீனைக் கூட்டினேன். நாலு மணி பஜ்ஜிக்கும், காப்பிச் சர்க்கரைக்கும் விடை கொடுத்தேன். மிச்சம் விழாதபடி அளந்து உலை வைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். எடை குறைந்தது மூன்றே கிலோ. ஆனால் இடுப்பு 87. டிரைகிளிசரைடு 162, எச்.டி.எல். 41. எல்.டி.எல். மட்டும் 124-ல் நின்றது. "நடையில் டிரைகிளிசரைடு நல்லா இறங்கும், எச்.டி.எல். கொஞ்சம் ஏறும். எல்.டி.எல். அவ்வளவு சுலபமா அசையாது. மாதவிடாய் நிக்கிற வயசுல அது ஏறவும் செய்யும். அடுத்த தடவையும் பாத்துட்டு மாத்திரை வேணுமான்னு முடிவு பண்ணுவோம்" என்றார் டாக்டரம்மா. ஆகவே, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கிறோம் என்ற தைரியத்தில் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

சகோதரிகளே, டேப் இல்லாத வீடு ஏது? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வெறும் உடம்பில், வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்ட பிறகு சுற்றி அளந்து பாருங்கள். உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "நான் ஒல்லிதானே" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என் அம்மாவும் வீட்டில் தைத்தவர்தான். ஊருக்கெல்லாம் அளவெடுத்த அந்த டேப்பை அவர் வயிற்றில் ஒரு முறை வைத்துப் பார்க்க அன்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இப்போது மாதம் பிறந்தால் என் மகள் எனக்கு அளவெடுத்து காலண்டரில் குறிக்கிறாள். அடுத்து நான் அவளுக்கு எடுக்கிறேன்.