எண்ணில் ஏறாத கடன்

தில்லியில் முப்பதாண்டு கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். நினைவிழந்த நோயாளிகளின் மூளையை ஆராயும் என் மகள் சென்ற மாதம் வந்திருந்தாள். "ஆராய்ச்சியில் உன் மதிப்பு என்னம்மா?" என்றேன்.

"எச் குறியீடு ஆறு, அப்பா."

அவளுடைய கட்டுரைகளுள் ஆறு, தலைக்கு ஆறு முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டன என்பது பொருள். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் வகுத்த அளவு அது.

"ஆறுதானா?" என்றுவிட்டேன். அவள் முகம் வாடிற்று. சற்றுப் பொறுத்து அவளே ஒரு வரலாறு கூறினாள்.

1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் வலிப்பைத் தீர்க்க, மூளையின் இருபுறமும் ஒரு பகுதியை அகற்றினர். வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய நினைவுகள் நில்லாதொழிந்தன. அவரைப் பற்றி ஸ்கோவில், பிரெண்டா மில்னர் இருவரும் 1957-இல் வெளியிட்ட கட்டுரை ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றது. மொலைசனோ, ஆண்டுக்கணக்காய்ச் சந்தித்த மில்னரையே ஒவ்வொரு முறையும் அயலாராய்க் கண்டார். 2008-இல் மறையும்வரை ஏடுகளில் அவர் பெயர் வெறும் 'எச்.எம்.'

மேற்கோள் என்பது ஓர் அறிஞர் மற்றவருக்குப் பட்ட கடனை ஒப்புவது. நோயாளிக்குப் பட்ட கடன் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கனாகிய எனக்கு இது உறைத்தது.

மறுநாள் காலை, "உன் நோயாளிகள் எப்படியிருக்கிறார்கள், அம்மா?" என்றேன். காப்பி ஆறும்வரை பேசிக்கொண்டேயிருந்தாள்.