மருமகனுக்கு எழுத வேண்டிய மடல்

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் தோஹாவிலிருந்து தங்கை மகன் பேசினான். அங்குள்ள ஒரு செய்தி நிறுவனத்தில் நான்காண்டுகளாக ஒளிப்பதிவு உதவியாளனாக இருப்பவன். இதுகாறும் நான்கு சுவர்களுக்குள் விளக்குகளைச் சரிசெய்து கொண்டிருந்தவன், இப்போது போர்முனைக்குச் செல்லும் குழுவில் தனக்கும் ஓரிடம் கேட்டிருக்கிறானாம். "மாமா, உம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றான். மறுநாள் காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு தங்கையே வந்துவிட்டாள். "காக்கா, வாப்பா இல்லாத பிள்ளை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். தடுத்துப் போடுங்க" என்று கண் கலங்கினாள்.

இருவரும் நம்மையே நம்பி நின்றது நமக்குப் பெருமையாக இல்லை, அச்சமாக இருந்தது. ஏனெனில் போர்முனை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் குண்டு நினைவுக்கு வரவில்லை. ஒரு மனிதரின் பெயர் நினைவுக்கு வந்தது. ஸாமி அல்ஹாஜ் என்பது அப்பெயர். அந்தப் பெயருக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஸாமி 1969இல் சூடான் நாட்டில் பிறந்தவர். நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பிழைப்புத் தேடி வளைகுடாவுக்கு வந்து, ஷார்ஜாவில் ஒரு குளிர்பான நிறுவனத்தில் அலுவலகப் பணி பார்த்தார். பின்னரே ஒளிப்பதிவுக் கருவி அவர் தோளில் ஏறியது. 1996இல் தோஹாவில் தொடங்கப்பெற்ற அல்ஜஸீரா தொலைக்காட்சியில் பயிற்சி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். 2001 அக்டோபரில் அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மீது போர் தொடுத்தபோது, நிறுவனம் அவரை அங்கே அனுப்பியது. கந்தஹாரில் படம் பிடித்தார். அந்த நவம்பரில் அல்ஜஸீராவின் காபூல் அலுவலகம் அமெரிக்கக் குண்டுக்கு இரையானது. எனினும் பணி நின்றுவிடவில்லை.

2001 டிசம்பர் 15ஆம் நாள், பாகிஸ்தானின் சமன் எல்லைச் சாவடி. மீண்டும் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைய வந்த குழுவில் செய்தியாளருக்கு வழி கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஸாமி மட்டும் நிறுத்தப்பட்டார். சில வாரங்கள் பாகிஸ்தானியரின் காவல். 2002 ஜனவரியில் அமெரிக்கர் கையில் ஒப்படைப்பு. பக்ராம், கந்தஹார் முகாம்கள். ஜூன் மாதத்தில் குவாண்டனாமோ. கியூபாவின் மண்ணில் 1903 முதல் அமெரிக்கா குத்தகைக்கு வைத்திருக்கும் கடற்படைத் தளம் அது. அங்கே அவருடைய பெயர் போய், 345 என்ற எண் வந்து சேர்ந்தது.

செச்சன்யப் போராளிகளுக்குப் பணம் கொண்டு சென்றார் என்பது போன்ற குற்றங்கள் அவர் மீது கூறப்பட்டன. ஆனால் எந்த நீதிமன்றத்திலும் அவர் மீது ஒரு வழக்குகூடத் தொடுக்கப்படவில்லை. விசாரணைகளில் பெரும்பகுதி அவரைப் பற்றியே அல்ல, அவர் வேலை செய்த நிறுவனத்தைப் பற்றியது என்று அவருடைய வழக்கறிஞர் கிளைவ் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் சொல்லி வந்தார். கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் பேசுவது இயல்புதானே என்று எண்ணியோரும் உண்டு. 2011இல் குவாண்டனாமோக் கோப்புகள் வெளியாயின. ஸாமியை அங்கே கொண்டு சென்றதற்கான காரணங்களுள் ஒன்றாக, அல்ஜஸீராவின் பயிற்சி முறை, தொலைத்தொடர்புக் கருவிகள், செய்தி திரட்டும் முறை ஆகியவற்றைப் பற்றித் தகவல் பெறுவது என்று படைத்துறையின் ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது!

இப்போது நம் கடனைச் சொல்ல வேண்டும். அவர் பிடிபட்ட செய்தியை அந்நாளிலேயே ஒரு நாளிதழின் மூலையில் நாம் படித்தோம். படித்துவிட்டு, 'நெருப்பில்லாமல் புகையுமா? ஏதேனும் செய்திருப்பார்' என்று எண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். நம் சமுதாயத்தைப் பற்றிப் பிறர் இப்படி எண்ணும்போது நெஞ்சு கொதிக்கும் நாமே அப்படி எண்ணினோம். வம்பில் சிக்கிய ஒருவரிடமிருந்து விலகி நிற்பது பாதுகாப்பு என்று நம் உள்ளம் கணக்குப் போட்டிருந்தது.

கணக்கில் இன்னொரு பிழையும் உண்டு. அதே 2002 ஜனவரியில், அதே பாகிஸ்தானில், கராச்சி நகரில் டேனியல் பேர்ல் என்ற அமெரிக்கச் செய்தியாளர் கடத்தப்பட்டார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழுக்காக மும்பையிலிருந்து பணியாற்றியவர். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டோர் அவரைக் கொன்றார்கள். அப்போது அவருடைய மனைவி கருவுற்றிருந்தார்; தந்தை முகம் காணாத மகன் அவ்வாண்டு மே மாதம் பிறந்தான். ஸாமிக்காகப் பின்னாளில் உரத்துப் பேசிய நம்மவர் சிலர் பேர்லைப் பற்றி வாய் திறந்ததில்லை. பேர்லுக்காக அழுத வேறு பலர் ஸாமி என்றொருவர் இருப்பதையே அறியார். எழுதுகோலையும் படக்கருவியையும் ஏந்திச் சென்ற இருவர். ஒருவருடைய துன்பத்தை மற்றவருடையதற்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை, படையோடு அங்கீகாரம் பெற்றுச் செல்லும் போர்ச் செய்தியாளர் பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய மதிப்போடு நடத்தப்பட வேண்டும் என்கிறது. 1977இன் கூடுதல் நெறிமுறை, ஆபத்தான பணியிலுள்ள செய்தியாளரைக் குடிமகனாகவே கருத வேண்டும் என்கிறது. அமெரிக்கா அந்த நெறிமுறையில் கையொப்பமிட்டதே தவிர, ஏற்றுறுதி செய்யவில்லை.

2007 ஜனவரியில் ஸாமி உண்ணாநோன்பு தொடங்கினார். விசாரணை நடத்துங்கள், இல்லையேல் விடுங்கள் என்பது அவர் கேட்டது. ஓராண்டுக்கு மேலாக, கை கால்களைக் கட்டும் நாற்காலியில் அமர்த்தி, மூக்கு வழியே குழாய் செலுத்தி நாள்தோறும் இருமுறை திரவ உணவு இறக்கினார்கள். ரமளானில் நோன்பு நோற்றுப் பழகிய நமக்குப் பசியின் ஒரு முகம் தெரியும். மக்ரிப் பாங்கு கேட்கும் என்ற உறுதியோடு கூடிய பசி அது. பாங்கே இல்லாத பசியை நம்மால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

அந்நாள்களில் அவர் சில படங்கள் வரைந்தார். படக்கருவி பறிபோன ஒளிப்பதிவாளருக்கு வேறு எது கைகொடுக்கும்? நாற்காலியில் கட்டுண்டு உணவு ஏற்றப்படும் ஓர் எலும்புக்கூடு அவற்றுள் ஒன்று. தணிக்கையாளர்கள் படங்களை வெளியே விடவில்லை. ஆனால் படங்களில் இருப்பதை வழக்கறிஞர் சொற்களால் எழுதி வைத்த குறிப்புகள் தணிக்கையைத் தாண்டி வந்துவிட்டன. லூயிஸ் பீக் என்ற கேலிச்சித்திரக்காரர் அச்சொற்களைப் படித்துப் படங்களைப் புதிதாக வரைந்தார். கோடு சிறைப்பட்டது, சொல் தப்பியது. எழுதிப் பிழைக்கும் நமக்கு இச்செய்தியைப் படித்தபோது ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டானதை மறைப்பானேன்!

2008 மே முதல் நாள் அவரை விடுவித்தார்கள். கார்த்தூம் நகரில் இறங்கியவரைத் தூக்குக் கட்டிலில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். கைக்குழந்தையாய் விட்டுப் பிரிந்த மகன், பள்ளி செல்லும் சிறுவனாக வளர்ந்து அவரைக் காண வந்தான்.

இவ்வளவையும் தங்கையிடம் ஒன்றுவிடாமல் சொன்னோம். அச்சுறுத்தித் தடுக்கலாம் என்பது நம் உள்நோக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையால் வாயை மூடியபடி கேட்டிருந்தாள். "எத்தனை வருஷம் காக்கா?" என்றாள். "ஆறு ஆண்டுக்கு மேல்" என்றோம். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "வெளியே வந்ததும் அந்தத் தம்பி வேற வேலை பாத்துக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்றோம். அதே அல்ஜஸீராவுக்குத் திரும்பி, மனித உரிமைகளையும் பொது உரிமைகளையும் கவனிக்கும் பிரிவின் பொறுப்பை ஏற்றார். தன் சிறை நாள்களைப் பற்றி நூலும் எழுதினார் என்றோம்.

"அப்போ இவனும் விடமாட்டான்" என்று எழுந்தாள். வாசற்படியில் நின்று, "போகாதேன்னு எழுதாதீங்க. என்னென்ன காகிதம் கையில வச்சிருக்கணும், அதை எழுதுங்க" என்றாள்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தோம். பணியாணையின் படிகள் இரண்டு. ஒன்று உம்மாவிடம் இருக்கட்டும். எல்லையைக் கடக்குமுன் ஒருமுறை, கடந்தபின் ஒருமுறை வீட்டுக்குச் செய்தி. நீ பிடிபட்டால் உன் பெயரைச் சொல்லி நாள்தோறும் கேட்கப்போவது நிறுவனத்தில் யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்; அப்படி ஒருவரும் இல்லையென்றால் போகாதே. இவ்வளவும் எழுதிய பின், 2002இல் நாம் புரட்டிவிட்ட அந்தப் பக்கத்தைப் பற்றியும் எழுதினோம்.