வாய்தா நாள்

ராஜபாளையத்தில் பதிவாகும் கொலை, கொலை முயற்சி வழக்குகள் விசாரணைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகும். மாவட்டத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். தூரம் ஒன்றும் பெரிதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கில் சிக்கிய மில் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகும். சாட்சி வரவில்லை, நீதிபதி விடுப்பு, வக்கீல் வேறு கோர்ட்டில். தேதியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாகப் பேராசிரியை நிர்மலாதேவி மீது தொடரப்பட்ட வழக்கை எல்லோரும் அறிவோம். 2018 ஏப்ரலில் கைது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஏப்ரலில். அவருக்குப் பத்தாண்டு சிறை. உடன் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுதலை. அந்த இருவரின் ஆறு வருடங்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. நீதிக்காக அத்தனை காலம் காத்திருந்த மாணவிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

விரைவான விசாரணை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1979லேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொல்லிவிட்டது. 1992 அந்துலே தீர்ப்பு காலக்கெடு விதிக்க மறுத்தது; தாமதத்துக்கு யார் காரணம் என்று பார்க்கச் சொன்னது. குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பே இழுத்தடிப்பதும் உண்டுதான். ஆனால் கூலியை இழந்து வந்து நிற்பவர் எதற்காக இழுத்தடிக்கப் போகிறார்?

விசாரணை இழுக்கும்போது சிறையிலேயே கிடப்பவர்களுக்காக, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீன் பெற வழியுண்டு. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். சிறையில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.