மலிவாக ஒரு பிஸ்டல் கேட்ட தம்பிக்கு

குண்டசாலை
05.10.2025

அன்புள்ள தம்பி,

போன கிழமை நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் நான் ஒரு வசனத்தை முடிக்குமுன் நீ மூன்று சொல்லிவிடுவாய். கடிதமென்றால் முழுதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். ஆறுதலாக இருந்து வாசி. வாசித்த பிறகு உன் மனைவியிடமும் கொடு.

உன் பயம் வீண் பயமென்று நான் சொல்லமாட்டேன். மிளகும் கராம்பும் வாங்க மடவளை, மெணிக்ஹின்ன, திகன என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறாய். கையில் காசுப் பை. பொழுதுபட்ட பிறகு வத்தேகம ரோட்டால் மாத்தளைக்குத் தனியாகத் திரும்புகிறாய். உன்னோடு தொழில் செய்கிறவரை மறித்துக் காசைப் பிடுங்கிய செய்தி கேட்டதிலிருந்து எனக்கும் இரவில் நித்திரை சரியில்லை. இடுப்பில் செருகிக்கொள்ள, கைக்கடக்கமாக, விலையும் கட்டுப்படியாகிற பிஸ்டல் எது என்று கேட்டாய். காலமெல்லாம் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த எனக்குத் தெரியாமல் இருக்காதென்றும் சொன்னாய். அங்கே எத்தனையோ துவக்கு வழக்குகளில் மொழிபெயர்த்தவள் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

நேர் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1916-ம் ஆண்டின் 33-ம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான், திருத்தித் திருத்தி, இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வைத்திருக்கும் போர 12 துவக்கு போன்றவற்றுக்குக் கச்சேரியில் மாவட்டச் செயலாளர் அனுமதிப்பத்திரம் கொடுப்பார். தற்பாதுகாப்புக்கென்று பிஸ்டலோ ரிவோல்வரோ கேட்டால் விஷயம் கொழும்புக்குப் போகும். பாதுகாப்பு அமைச்சுதான் தீர்மானிக்கும். உன் உயிருக்கு உண்மையாகவே அச்சுறுத்தல் இருக்கிறதென்று நீ காட்டவேண்டும், பொலிஸ் அறிக்கை வேண்டும். கிடைத்தாலும் டிசம்பர் 31-ஓடு பத்திரம் முடியும். வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். டெக்சாஸிலிருந்து உன் சிநேகிதன் அனுப்புகிற வீடியோக்களில் கண்ணாடி மேசையில் நாலைந்தைப் பரப்பிவைத்து எது மலிவு, எது சட்டைக்குள் தெரியாது என்று பேசுகிறார்களே, அது அந்த நாட்டுப் பேச்சு. இங்கே அப்படித் தெரிவு செய்து வாங்க ஒரு வழியும் இல்லை.

பத்திரம் வைத்திருந்தவர்களுக்கே என்ன நடந்ததென்று பார். 2024-ல் தற்பாதுகாப்புக்குக் கொடுத்திருந்த துவக்குகளைத் தோட்டாக்களோடு நவம்பர் 7-க்கு முன் வெலிசறையில் கடற்படையின் பொறுப்பில் உள்ள களஞ்சியத்தில் ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. ஒப்படைக்காதவர்களுக்குத் தவணை 2025 ஜனவரி 20 வரை நீண்டது. மீளாய்வு செய்து, தேவை இருப்பவர்களுக்குத்தான் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அரசியல்வாதிகளிடமும் முதலாளிமாரிடமும் இருந்ததையே திருப்பி வாங்கிய பிறகு, மாத்தளை மிளகு வியாபாரி ஒருவருக்குப் புதிதாகக் கொடுப்பார்களென்று நீ நம்புகிறாயா? உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மலிவாகப் பிஸ்டல் எடுத்துத் தருவதாகச் சொன்ன அந்தப் பையனின் பேச்சு உன் காதில் ஏறியிருக்கிறது.

அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "அக்கா, சாமான் சுத்தம், விலையும் குறைவு" என்று அவன் சொன்னதையே நீ எனக்குச் சொன்னாய். விலை ஏன் குறைவென்று அவனிடம் கேட்டாயா?

இரண்டு விதத்தில்தான் மலிவாக வரும். ஒன்று, பட்டறையில் செய்தது. கல்கட்டாஸ் என்று பொலிஸ்காரர் சொல்வதை நீ பத்திரிகையில் பார்த்திருப்பாய். நான் கோட்டில் மேசையில் கிடக்கப் பார்த்திருக்கிறேன். பழுப்புக் கடதாசி உறை, அரக்கு முத்திரை, வழக்கிலக்கம் எழுதிய அட்டை. உறையைப் பிரித்தால் உள்ளே தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று, பலாமரக் கைபிடியோடு வயர் சுற்றி இறுக்கியிருக்கும். ஒருமுறை அப்படி ஒன்றின் குழாய் பின்பக்கம் பிளந்து இதழ் இதழாக விரிந்திருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன் சுட்டுப் பார்த்திருக்கிறான், வெடி முன்னால் போகவில்லை. கூண்டில் நின்றவனுக்கு வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். சத்தியம் செய்ய அந்தக் கையைத் தூக்கியபோது நான் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சாதாரணத் தோட்டக்காரன்தான் அவன். யாரையும் கொல்ல நினைத்தவனில்லை.

மற்றது, உண்மையான கம்பனிப் பிஸ்டல், கைமாறி வந்தது. படையிலிருந்து தப்பி ஓடினவர்கள், பாதாளக் கோஷ்டிகள், கடல் வழியாகப் போதைப்பொருளோடு வருவது என்று அதற்கு வழிகள் பல. அப்படி ஒன்று மலிவாக ஒரு மிளகு வியாபாரியைத் தேடி ஏன் வருகிறது? அநேகமாக அதை வைத்திருந்தவனுக்கு இனி அதை வைத்திருக்க முடியாமல் போயிருக்கும். சம்பவ இடத்தில் எடுக்கும் வெற்றுத் தோட்டாக்களை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்கள். துவக்கின் ஊசி தோட்டாவில் விடும் அடையாளத்தைப் பெருக்கிப் பார்த்து, இன்ன துவக்கில் வெடித்ததுதான் என்று அறிக்கை வரும். நாளைக்கு ஒரு சோதனைச் சாவடியில் உன் இடுப்பிலிருந்து அது வெளியில் வந்தால், அனுமதிப்பத்திரம் இல்லாத குற்றம் மட்டுமில்லை, எங்கேயோ எவனோ செய்த கொலைக்கும் நீ பதில் சொல்லவேண்டி வரும். விளக்கமறியல் என்றால் பல்லேகலையில் தும்பறைச் சிறை. போகம்பறையை மூடி அங்கே மாற்றினார்களே, நம் வீட்டுக்குக் கிட்டத்தான். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு அந்தக் கேற்றடியில் வரிசையில் நிற்க என்னால் முடியும் தம்பி. அவளாலும் பிள்ளைகளாலும் முடியுமா என்று நினைத்துப் பார்.

மலிவும் நம்பிக்கையும் இந்தச் சாமானில் எங்கேயும் ஒன்றாக வருவதில்லை. அமெரிக்காவில் 1968-ல் சட்டம் கொண்டுவந்து மலிவான குட்டிப் பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தார்கள். உடனே கலிபோர்னியாவில் உள்ளூர்க் கம்பனிகள் முளைத்துத் துத்தநாகக் கலவையில் வார்த்து விற்றன. கை தவறிக் கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் பழுதுக்கு அந்த வகைச் சாமான் பேர்போனது. வேன் சீற்றில் உட்கார்ந்து எழும்பும்போது இடுப்பிலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? இந்தியாவில், டில்லியில் ஒரு பெண்ணைக் கூட்டாக வன்புணர்ந்து கொன்ற சம்பவத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில், பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவோல்வரைக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ. விலை அப்போது 1 லட்சத்து 22 ஆயிரம் இந்திய ரூபாய். அரசாங்கமே செய்து விற்றும் ஒரு சாதாரணப் பெண்ணால் அதை வாங்க முடிந்திருக்குமா?

சரி, நல்ல பிஸ்டல், பத்திரத்தோடு, கடவுள் கொடுத்ததென்றே வைத்துக்கொள். மறிக்கிறவர்கள் எப்படி வருவார்கள்? முழுமுகத் தலைக்கவசத்தோடு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து வேனுக்குக் குறுக்கே விடுவார்கள். கத்தியோ துவக்கோ ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும். உன்னுடையது சட்டைக்கு உள்ளே, இருக்கைப் பட்டிக்குக் கீழே இருக்கும். சோல்ட் லேக் சிட்டியில் டெனிஸ் டூலர் என்ற பொலிஸ்காரர் 1983-ல் எழுதிய கட்டுரை ஒன்று உலகமெங்கும் பொலிஸ் பயிற்சியில் பேசப்படுகிறது. 21 அடி தள்ளி நிற்கும் ஒருவன் கத்தியோடு ஓடிவந்து உன்னைத் தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும் என்கிறார். பழகிய பொலிஸ்காரருக்கே உறையிலிருந்து எடுத்துச் சுட அவ்வளவு நேரம் வேண்டும். நீ எங்கே பழகப்போகிறாய், சொல்லு? காசைக் கொடுத்தால் போகிறவன், உன் கை இடுப்புக்குப் போவதைக் கண்டால் சுட்டுவிடுவான்.

நீ முந்திச் சுட்டாலும் கதை முடியாது. தண்டனைச் சட்டக்கோவை 89-ம் பிரிவிலிருந்து தற்காப்புரிமையைக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் தடுக்கத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்ய அது இடம் கொடுக்காது. ஓடுகிறவனை முதுகில் சுட்டால் கூண்டில் நிற்கப்போவது நீதான். காசைப் பிடுங்கினவனுக்காக அழும் தாயை நான் கோட்டில் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லும்போது என் குரல் உடைந்திருக்கிறது.

இனி அப்பாவின் துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்கு அப்போது எட்டு வயது. நித்திரையாக இருந்தாய். பிறகு நாங்கள் யாரும் உன்னிடம் விவரமாகச் சொல்லவில்லை.

1989. நம் வளவில் பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டிப்போட்ட காலத்தில் அப்பா கச்சேரியில் எழுதிக்கொடுத்து எடுத்த துவக்கு அது. ஒற்றைக் குழல். எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் சாத்தியிருக்கும். தோட்டாப் பெட்டி அம்மாவின் சேலைகளுக்குக் கீழே இருக்கும். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியுமென்று நினைத்திருந்தோம். ஒரு நாள் இரவு கரண்ட் இல்லை. கதவைத் தட்டினார்கள். முகத்தைத் துணியால் மூடிய பையன்கள், ஒருவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. உள்ளே வந்து தேடவில்லை. "மாமா, அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறதை எடுத்துத் தாருங்கள்" என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னான். அப்பா எடுத்துக் கொடுத்தார். தோட்டாவையும் கேட்டான். அம்மா சேலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. 1971-லும் கிளர்ச்சிக்காரர்கள் அப்படித்தான் ஊர்வீடுகளில் துவக்குச் சேர்த்தார்கள், 89-லும் அப்படியேதான்.

துவக்கு போனது பெரிய விஷயமில்லை. விடிந்ததும் அப்பா பொலிசுக்குப் போனார். நீயே கொடுத்தாயா, பறித்தார்களா, யார் யார் வந்தார்கள் என்று கேள்வி. பெயர் சொன்னால் அவர்கள் திரும்பி வருவார்கள். சொல்லாவிட்டால் இவர்கள் விடமாட்டார்கள். ஆற்றில் பிணம் மிதந்த காலம் தம்பி. அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அப்பா மாதக்கணக்காக வாக்குமூலம் கொடுக்க ஏறி இறங்கினார். அவருடைய தலை நரைத்தது அந்த வருடத்தில்தான். துவக்கு இல்லாத பக்கத்து வளவுக்கு அன்றிரவு யாரும் போகவில்லை. பன்றிக்காக வாங்கியது மனிதரை வாசலுக்குக் கொண்டுவந்தது. நீ வாங்கப்போவதும் அந்தப் பையனுக்குத் தெரியும், அவனுக்குக் கொடுத்தவனுக்குத் தெரியும், அவர்கள் வாய் திறந்தால் ஊருக்கே தெரியும்.

உன் மூத்தவனுக்கு 15 வயது. அந்த வயதில் நீ அப்பாவின் பூட்டிய பெட்டகத்தை ஆணியால் திறந்தவன். அவன் உன்னுடைய மகன்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். காசுப் பைதான் உனக்கு ஆபத்து, அதைச் சின்னதாக்கு. தோட்டக்காரரில் பாதிப்பேருக்கு மேல் இப்போது வங்கிக் கணக்கு இருக்கிறது. தராசில் நிறுத்த இடத்திலேயே போனில் கணக்குக்குப் போட்டுவிட்டு இரசீதைக் காட்டு. கணக்கு வேண்டாமென்கிற வயதான ஆட்களுக்கு மட்டும் அன்றைக்குத் தேவையான காசை எடுத்துப் போ. கடைவாசலில் எல்லாரும் பார்க்கக் காசு எண்ணுகிற பழக்கத்தை இன்றோடு விடு. எந்த நாளில் எந்தப் பக்கம் வருவாய் என்று ஊரே சொல்லும் அளவுக்கு ஒரே ஒழுங்கில் போய்வருகிறாய், அதை மாற்று. பின்னேரம் நாலு மணிக்குமேல் வாங்காதே. மிச்சத்தைத் தோட்டக்காரர் மறுநாள் தருவார்கள். நேரம் பிந்தினால் வத்தேகம ரோட்டால் போகாமல் நேரே இங்கே வந்து படு, அறை சும்மாதான் கிடக்கிறது. உதவிக்கு ஒரு ஆளைப் போடு. சம்பளம் கட்டாதென்றால் கராம்பு சீசன் முடியும்வரை பாதியை நான் தருகிறேன், பென்சன் காசில் எனக்கு என்ன செலவு இருக்கிறது? வழியில் யாராவது மறித்தால் பையை வெளியில் எறிந்துவிட்டு வேனை எடு, பிறகு 119-க்கு அடி. காசு போனால் அடுத்த சீசனில் உழைக்கலாம்.

அந்தப் பையனுக்கு நீயாகப் போன் எடுக்காதே. அவன் எடுத்தால், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அவள் கோட்டில் இருந்தவள் என்று மட்டும் சொல்லு. அதற்குமேல் பேச்சு வளர்க்காதே, அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்கவும் போகாதே.

சனிக்கிழமை காலையில் பாஸ்புத்தகத்தையும் தோட்டக்காரர் பெயர்ப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா. யார் யாருக்குக் கணக்கில் போடலாமென்று இருந்து பிரித்து எழுதிவிடுவோம். உன் மனைவியையும் கூட்டி வா. பலாக்கொட்டை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உன் அன்புள்ள
அக்கா