காணாமல் போன ஸ்ரீதர்கள்

திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஒரு பழைய லினக்ஸ் கணினியில், கட்டற்ற விரிதாள் ஒன்றில் இருக்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கச் சொன்னால் செயற்குழுவில் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார். பொருளாளர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தா பாக்கி பார்க்க உட்கார்ந்தவர்தான் கேட்டார்: "தம்பி, ஸ்ரீதர்னு தேடினா ஒருத்தர்தான் வர்றார். பட்டியல்ல மூணு பேர் இருக்காங்க. கண்ணால பாக்கறேனே!"

எனக்கும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். தேடினால்தான் வரவில்லை. ஜெயஸ்ரீ, ஸ்ரீவித்யா, ஸ்ரீனிவாசன் எல்லோருக்கும் இதே கதை; பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. முருகனும் மல்லிகாவும் ஒழுங்காக வந்தார்கள். ஆக, கோளாறு தேடும் கருவியில் இல்லை, ஸ்ரீயில்தான்.

என் முதல் சந்தேகம் ஹார்ஃபஸ் மேல். எழுத்துகளைக் கூட்டி, கொம்பும் காலும் இடம் பார்த்து வைத்து, திரையில் வரையத் தருகிற கட்டற்ற நிரல் அது. லினக்ஸில் நாம் பார்க்கும் தமிழ் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். பழைய எழுத்துரு ஒன்றைப் போட்டதும் பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. சிலருடைய ஸ்ரீ அப்படியே நின்றது. மற்றவர்களுடையது உடைந்து, புள்ளி வைத்த ஓர் எழுத்தும் பக்கத்தில் ஒரு 'ரீ'யுமாக விழுந்தது. தேடலில் வராதவர்கள் யாரோ, அவர்கள் பெயர்தான் நின்றது. உடைந்ததெல்லாம் தேடலில் வந்தவர்கள். ஹார்ஃபஸ் நிரபராதி. புதிய எழுத்துருக்கள் இரண்டு ஸ்ரீக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்து வேறுபாட்டை மறைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பைத்தானில் ஒரு வரி எழுதி, எழுத்துகளின் யூனிகோடு எண்களைக் கேட்டேன். ஒரு ஸ்ரீதர் 3000, 3021, 2992, 3008 என்று ஆரம்பித்தார். இன்னொருவர் 2998, 3021, 2992, 3008. புள்ளி, ர, ஈகாரக் குறி மூன்றும் ஒன்றே. முதல் எண் மட்டும் வேறு. 3000 என்பது ஸ. 2998 என்பது ஶ. பொருளாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாகம் ஒண்ணு, பார்ட் நம்பர் ரெண்டு. ஸ்டோர்ஸ்ல இதுக்குத்தான் அடிச்சிப்போம்" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஒரே எழுத்துக்கு எப்படி இரண்டு எண் வந்தது என்பதுதான் அதன் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை.

யூனிகோடு 1991இல் வெளிவந்தபோது இந்திய மொழிகளின் அடுக்கு முறையை இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத்திலிருந்து எடுத்துக்கொண்டது. தேவநாகரியில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் தமிழுக்கும் 128 இடங்கள்; தமிழில் இல்லாத எழுத்துக்கு இடம் காலி. கவுக்குப் பிறகு வரும் மூன்று காலியிடங்கள் அப்படி வந்தவைதான். ஶவுக்கு உரிய 2998உம் அப்படிக் காலியாகக் கிடந்தது. ஶ என்ற எழுத்தே இல்லாதபோது ஸ்ரீயை எப்படி எழுதுவது? பக்கத்தில் இருந்த ஸவை வைத்து எழுதினார்கள். வேறு வழியில்லை.

2005 மார்ச்சில் யூனிகோடு 4.1 வந்தது. 2998இல் ஶ உட்கார்ந்தது. ஸ்ரீயின் முறையான எழுத்துக்கோவை அன்றிலிருந்து ஶவில் தொடங்குவது என்றானது. வடமொழி ஒலிப்படி பார்த்தால் திருத்தம் சரி. ஆனால் அதற்குள் பதினான்கு ஆண்டுத் தமிழ் ஸவில் எழுதப்பட்டுவிட்டது. (தனித்தமிழ் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "திருதரன்னு எழுதுங்க, தீர்ந்தது. ஊர் பேர்லயே திரு இருக்கே" என்று சிரித்தார்.)

எங்கள் பட்டியலில் பழைய ஸ்ரீ நுழைந்த வழியும் தெரிந்தது. சங்கத்தின் முதல் பட்டியல் டிஸ்கியில் தட்டியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கடல் கடந்து கூடிப் பேசி உருவாக்கிய குறியேற்றம் அது. அதில் ஸ்ரீக்கு 130 என்று ஒரே எண். அந்தக் கோப்பை யாரோ ஐகான்வ் கட்டளையால் யூனிகோடுக்கு மாற்றியிருந்தார்கள். ஐகான்வின் மூல நிரல் க்னூ சி நூலகத்தில் திறந்தே கிடக்கிறது. டிஸ்கிக்கான பகுதியைத் திறந்தேன். எழுதியவர் புரூனோ ஹைபிள், ஆண்டு 2002 என்று தலைப்பிலேயே இருந்தது. கீழே 130ஐத் தேடினால், ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற நான்கையும் வெளியிடு என்கிறது. ஶ பிறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்த காலத்தில் எழுதிய வரி. அன்றைக்கு அதுதான் சரி. பிறகு சேர்ந்த உறுப்பினர்களின் பெயர்களைப் புதிய விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள். அது 2005க்குப் பிந்தைய வழக்கப்படி ஶ போட்டது. அதுவும் சரிதான்.

'கொ'வை ஒரே குறியாக எழுதினாலும், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினாலும் இரண்டும் சமம் என்று யூனிகோடு விதித்திருக்கிறது. ஸ்ரீக்கு அந்தச் சமன்பாடு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளுக்குப் புதிதாகச் சமன்பாடு சேர்ப்பதில்லை என்பது அவர்கள் கொடுத்திருக்கும் உறுதி. அதனால் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும்படி மென்பொருள் எழுதுபவர்களுக்குப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பரிந்துரையை எல்லோரும் கேட்டிருந்தால் எங்கள் ஸ்ரீதர்கள் காணாமல் போயிருக்க மாட்டார்கள்.

பட்டியல் முழுவதையும் ஒரே கட்டளையில் ஶவுக்கு மாற்றினேன். மறுநாள் பொருளாளர் கோப்பைத் தன் கைபேசியில் திறந்து தேடினார். ஒரு ஸ்ரீதரும் வரவில்லை. அவர் கைபேசியின் விசைப்பலகை இன்னும் ஸதான் போடுகிறது. கடைசியில், இனி எந்த விசைப்பலகையில் தட்டிய பெயரும் தப்பாமல் வரட்டும் என்று, சங்கக் கணினியின் தேடல் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தேர்ந்தெடுத்து, சதுர அடைப்புக்குள் ஸவையும் ஶவையும் சேர்த்துப் போட்டு, பிறகு புள்ளியும் ரீயும் தட்டக் காட்டிக்கொடுத்தேன். ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

"கௌரி அம்மா பேரும் வரலையே?" என்றார் அடுத்து. எண்களைக் கேட்டேன். அந்த அம்மாள் பெயரில் ஔகாரக் குறியே இல்லை. கொம்பு போட்ட கவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு முழு ளவைத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு கௌ, கணினிக்கு கெ, ள. இதற்கு யூனிகோடைக் குறை சொல்ல முடியாது. பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் கௌவில் தொடங்கும் ஒவ்வொரு பெயரையும் அழித்துத் திருப்பி அடிக்க ஆரம்பித்தார்.