வைக்கோலுக்குள் வேகும் இரவுச் சாப்பாடு

கோச்சடையில் வயலை நம்பிய வீடுகள் குறைந்துவிட்டன. வைகையின் தென்கரையில் நெல் விளைந்த நன்செய்கள் பல இன்று வீட்டு மனைகள். ஊரும் மதுரை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே ஒரு குடும்பம் விவசாயத்தை விடவில்லை. மேலக்கால் சாலையில் துவரிமான் பக்கம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறது. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். வயல் மனைவியின் பொறுப்பு.

நடவும் களையெடுப்பும் வந்துவிட்டால் அவர் வீடு திரும்ப இரவு 7 மணி ஆகும். அதன்பிறகு உலை வைத்தால் சாப்பிட 9 மணி. மாமியாருக்கு மூட்டுவலி, அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி விட்டு வந்ததும் சமைக்க நின்றாள். சில நாள் கடைப் புரோட்டா. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் இறங்கியது. தாய் கேட்டபோது, "நான் எப்பம்மா படிக்கிறது?" என்று மட்டும் சொன்னாள். அன்று தாய்க்குத் தூக்கம் வரவில்லை.

வழி சொன்னவர் மாமியார்தான். அவர் காலத்தில் மண் அடுப்போடு சேர்ந்து கொடியடுப்பு ஒன்று இருந்தது. பெரிய அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அதில் பருப்பு வெந்துவிடும். வயலுக்குப் போகும்போது கஞ்சிப் பானையை வைக்கோலில் புதைத்துவிட்டுப் போனதும் அவருக்கு நினைவிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பாட்டால் இங்கிலாந்துக் குடும்பங்களும் காய்ந்த புல் அடைத்த பெட்டிக்குள் சமைத்தன.

காரணம் எளிது. தண்ணீர் கொதித்த பிறகு நாம் எரிக்கும் தீயில் பெரும்பகுதி, பாத்திரம் வெளியே விடும் சூட்டை ஈடுகட்டத்தான் போகிறது. சூடு வெளியேறாமல் தடுத்தால் அரிசியும் பருப்பும் தீ இல்லாமலே வெந்துவிடும். வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது அந்த வீட்டில் நடப்பது இதுதான். பழைய மரப்பெட்டியில் அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோலை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். மேலே மூட, வைக்கோல் திணித்த சாக்குத் தலையணை. பிற்பகல் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வரும் தாய், 2 டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து 6 டம்ளர் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுகிறார். மூடியோடு பெட்டிக்குள் இறக்கி அழுத்தி மூடிவிட்டு 3 மணிக்கு வயலுக்குப் போகிறார். ஆவி வெளியேறாததால் தண்ணீர் சற்றுக் குறைவாகவே வேண்டும். அரிசிக்குப் பதில் வரகு, குதிரைவாலியும் போடலாம். முருங்கைக்கீரையைக் கடைசியில் தனியே வதக்கிச் சேர்த்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை:

• பாத்திரம் முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

• இடையில் திறக்கக் கூடாது. 4 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம்.

• திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

• கொண்டைக்கடலை, மொச்சையை இரவே ஊறவைத்து, அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். கறிக்கு இந்த முறை வேண்டாம்.

• விறகு அடுப்பில் இறக்கினால் பாத்திரத்தின் அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். பெட்டி அடுப்புக்குத் தள்ளியே இருக்கட்டும்.

• பூஞ்சணம் பிடிக்காத காய்ந்த வைக்கோலே வேண்டும். அடிக்கடி வெயிலில் காயப்போடுங்கள்.

பெட்டிக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. கேஸ் சிலிண்டர் சில நாள் கூடுதலாக வருகிறது. ஆனால் அந்தத் தாய் கணக்குப் பார்ப்பது அதை வைத்து இல்லை. மாலை ஐந்தரைக்கு மகள் புத்தகத்தோடு உட்காருகிறாள். ஏழேகாலுக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். பெட்டியைத் திறப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஏழாம் வகுப்புத் தம்பியின் வேலை.